ஆங்கில அருஞ்சொற்களை வேரோடு கற்பது எப்படி?

கொடைக்கானலில் போட்டித் தேர்வுகளுக்குப் படிக்கும் பிள்ளைகள் என்னிடம் கொண்டுவரும் நோட்டுகளில், இடப்பக்கம் ஆங்கிலச் சொல்லும் வலப்பக்கம் ஒரே ஒரு தமிழ்ப் பொருளுமாக நாளுக்கு ஐம்பது சொற்கள் நிரம்பியிருக்கும். அவ்வாறு மனப்பாடம் செய்த சொல் மனத்தில் தங்குவதில்லை. தங்கினாலும் தவறான இடத்தில் வந்து விழுகிறது. 'நொட்டோரியஸ்' என்பதற்குப் 'புகழ்பெற்ற' என்று எழுதிவைத்திருந்த ஒரு மாணவி, தன் ஊர்ப் பெரியவரைப் பாராட்டிய கட்டுரையில் அச்சொல்லை மூன்று முறை எழுதியிருந்தாள். கெட்ட பெயரால் அறியப்பட்டவரையே அது குறிக்கும் என்று சொன்னபோது அவள் முகம் வாடியது எனக்கு இன்னும் வருத்தம் தருகிறது.

நாளுக்கு ஐந்து சொற்கள் போதும். ஆனால் ஒவ்வொன்றின் வேரையும் தேடிப் பாருங்கள். தூண் பாறைக்கு எதிரே நின்று கீழே பார்த்தால் தெரியும் செங்குத்தான விளிம்புக்குப் 'பிரெசிபிஸ்' என்று பெயர். லத்தீனில் 'பிரே' என்றால் முன், 'கேபுட்' என்றால் தலை. இரண்டும் சேர்ந்து பிறந்த சொல்லுக்குத் 'தலைகுப்புற' என்பதே நம் மொழியில் சரியான இணை. இது பிடிபட்டுவிட்டால், ஐப்பசியில் நம் மலையில் கொட்டும் மழையை வானிலை அறிக்கை ஏன் 'பிரெசிபிடேஷன்' என்கிறது என்பதும், வேதியியல் பாடத்தில் அடியில் படியும் 'பிரெசிபிடேட்' ஏன் 'வீழ்படிவு' ஆயிற்று என்பதும் தாமாகவே விளங்கும். அதே தலையிலிருந்து வந்தவைதான் 'கேப்டன்', 'கேபிடல்' என்பனவும். நாமும் தலைவன், தலைநகர் என்றுதானே சொல்கிறோம்!

வேர் வழிகாட்டும், வழக்கை அது முழுவதும் சொல்லிவிடாது. சரிவையும் திடீர் வீழ்ச்சியையும் 'பிரெசிபிடஸ்' என்பர். ஆராயாமல் அவசரமாக எடுத்த முடிவைப் 'பிரெசிபிடேட்' என்பர். ஆகவே ஒரு சொல் எந்தச் சொற்களோடு சேர்ந்து வருகிறது என்பதை ஆங்கிலத்துக்கு ஆங்கிலம் அகராதியின் எடுத்துக்காட்டு வாக்கியங்களில் கவனித்து, உங்கள் ஊரைப் பற்றிய சொந்த வாக்கியம் ஒன்றையும் சேர்த்து அட்டையில் எழுதுங்கள். (நாமும் ஆங்கிலத்துக்குக் கொடுத்திருக்கிறோம்: வனவியலார் எழுதும் 'ஷோலா' நம் 'சோலை'தான்.)

கற்றதை எவ்வளவு விரைவில் மறக்கிறோம் என்பதை ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் தம்மையே சோதித்துப் பார்த்து 1885-இல் வெளியிட்டார். அந்த மறதியை வெல்ல, ஒரு செருப்பு அட்டைப்பெட்டியை ஐந்து அறைகளாகத் தடுத்து, முதல் அறை அட்டைகளை நாள்தோறும், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரந்தோறும், அடுத்ததை இரு வாரத்துக்கொருமுறை, கடைசியை மாதந்தோறும் எடுத்துப் பாருங்கள். பொருளும் வாக்கியமும் தடையின்றி நினைவுக்கு வந்தால் அட்டை அடுத்த அறைக்குப் போகட்டும். தடுமாறினால், அது எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பட்டும்.