பூ கட்டுவதை ஒன்பது பக்கம் எழுதி நான் கோட்டைவிட்டது: ஓ.டி. மாணவர்களுக்கு ஆக்டிவிட்டி அனாலிசிஸ், படிப்படியாக

எம்.ஓ.டி. (ஓ.டி. முதுநிலை) முதல் வருடத்தில் நான் எழுதிய முதல் ஆக்டிவிட்டி அனாலிசிஸ், அதாவது ஒரு செயலைப் படிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் என்னென்ன தேவை என்று எழுதும் தாள், ஒன்பது பக்கம். கைடு மேடம் அதில் ஒரே ஒரு இடத்தில் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பிக் கொடுத்தார். பக்கத்தில் ஒரு வரி: "நாரோட இன்னொரு நுனி எங்க இருக்கு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நார் என்றால் கையில்தானே இருக்கும்?

இந்தக் கதையை ஜூனியர்கள் ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட்டாகச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. அதனால் எழுதியே போட்டுவிடுகிறேன். ஓ.டி., அதாவது ஆக்குபேஷனல் தெரபி, அன்றாட வேலைகளை மறுபடி செய்யவைக்கும் சிகிச்சை; அதற்கு மேல் இங்கே விளக்கப்போவதில்லை. (எங்கள் ஊரில் ஓ.டி. என்றால் ஆபரேஷன் தியேட்டர். சரி, தமிழில் சொல்லலாமே என்று "தொழில்வழி சிகிச்சை" என்றால், பேரனுக்கு ஒரு வேலை பார்த்துக்கொடு என்கிறார்கள்.) நாலு வருடப் படிப்பும் ஆறு மாத இன்டர்ன்ஷிப்பும் முடித்துவிட்டு எம்.ஓ.டி. வந்திருப்பவர்களுக்கும், இளநிலையில் முதல் போஸ்டிங் (களப்பயிற்சி) போகிறவர்களுக்கும் இது. மூட்டு அசைவு அளக்கவும், தசை இறுக்கம் பார்க்கவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

கேஸ் இதுதான். போஸ்டிங் அதிர்ஷ்டவசமாக டெல்டாவிலேயே அமைந்தது. தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில் ஓர் ஊர். கோயில் வாசலில் பூ விற்கிற அக்கா, ஐம்பதைத் தாண்டியவர். பக்கவாதம் வந்து எட்டு மாதம், இடது பக்கம். (ஆள் அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ரெக்கார்டில் நீங்களும் அப்படித்தான் செய்யவேண்டும்.) பார்தெல் இண்டெக்ஸ் (Barthel Index) போட்டேன், 100க்கு 85. சாப்பாடு, குளியல், உடை, கழிப்பறை, நடை, படியேறுவது என்று பத்து விஷயத்தைக் கேட்கிறது அந்தப் படிவம். பூ கட்ட முடியவில்லை என்று சொல்ல அதில் இடமே இல்லை.

முதல் படி: செயலை அவர் சொல்லட்டும், நீங்கள் சுருக்குங்கள்

எதைப் பிரித்து எழுதுவது என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். சி.ஓ.பி.எம். (Canadian Occupational Performance Measure என்ற பேட்டிப் படிவம்) எடுத்துக்கொண்டு உட்காருங்கள். எது முக்கியம், இப்போது எவ்வளவு செய்யமுடிகிறது, அதில் எவ்வளவு திருப்தி என்று பத்துக்கு மதிப்பெண் அவரே போடுவார். அக்கா பூ கட்டுவதற்குச் செயல்திறனில் 2 போட்டார், திருப்தியில் 1. "சோத்த ஒத்தக் கையால தின்னுடுவேன். பூவ ஒத்தக் கையால கட்ட முடியுமா, நீயே சொல்லு" என்றார்.

அடுத்தது சுருக்குவது. "சமையல்" என்று தலைப்புப் போட்டால் மாட்டிக்கொண்டீர்கள். "காபி போடுவது" கூடப் பெரிசு. டபராவுக்கும் டம்ளருக்கும் மாற்றி மாற்றி ஆற்றுவது மட்டுமே ஒரு தனித் தாள். நான் முதலில் எழுதிய தலைப்பு "பூ கட்டுதல்". எழுதியிருக்கவேண்டியது: "திண்ணையில், தரையில் உட்கார்ந்து, ஈர வாழைநாரில் ஒரு முழம் முல்லை கட்டுதல்". முன்னால் இருக்கிற அந்த மூன்று வார்த்தையை விட்டதுதான் வினையாகப் போயிற்று.

இரண்டாம் படி: நீங்களே செய்து பாருங்கள்

இதைச் செய்யாமல் எழுதுகிறவர்கள்தான் அதிகம். எனக்குப் பூ கட்டவே தெரியாது. அப்பாயியிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். முதல் முழத்துக்கு நாற்பது நிமிடம் ஆனது. தூக்கிப் பிடித்ததும் பாதிப் பூ உதிர்ந்தது. பிறகு இடது கையில் ஒரு சாக்ஸை மாட்டிக்கொண்டு கட்டிப் பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் அழுகை வரும். வரவேண்டும்.

மூன்றாம் படி: படிகளாக உடைப்பது

ஒரு வரிக்கு ஒரு வினை. நாரைத் தண்ணீரில் நனைக்கிறார். நகத்தால் கிழித்து மெலிதாக்குகிறார். இரண்டு பூவை எடுத்துக் காம்பை நாரின் மேல் வைக்கிறார். எதிர்ப்பக்கம் பார்த்து இன்னும் இரண்டு வைக்கிறார். இடது கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் காம்புகளை அழுத்துகிறார். வலது கையால் நாரைச் சுற்றுகிறார். வளையம் போட்டு விரலை உள்ளே விட்டு இழுக்கிறார். இறுக்குகிறார். தள்ளிப் பிடிக்கிறார். மறுபடி பூ.

இவ்வளவையும் நான் முதல் தடவையே சரியாக எழுதியிருந்தேன். அதனால்தான் ஒன்பது பக்கம்.

கருவிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அனுமதி கேட்டு வீடியோ எடுங்கள், ஸ்லோ மோஷனில். போனை நின்றபடி பிடிக்காமல் தரையில் வையுங்கள். மேலிருந்து எடுத்தால் கை மட்டும்தான் தெரியும். ஆள் எங்கே சாய்கிறார் என்பது தெரியாது. இணையத்தில் கிடைக்கிற, டிக் அடிக்கிற டெம்ப்ளேட்டுகள் எனக்குப் பிடிக்காது. கட்டம் இல்லாத விஷயத்தைக் கண் பார்க்காமலே போய்விடும். கோடு போட்ட நோட்டும் பென்சிலும் போதும். எல்லாவற்றுக்கும் ஜாமர் டைனமோமீட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். அது முழுப்பிடியின் பலத்தை அளக்கிறது, காம்பைப் பிடிப்பது விரல் நுனி. பின்ச் கேஜ் இருந்தால் அதை எடுங்கள்.

நான்காம் படி: எங்கே உடைகிறது? (நான் விழுந்த இடம்)

ஒவ்வொரு படிக்கும் எதிரே என்னென்ன தேவை என்று எழுதுவோம் இல்லையா: உட்காரும் நிலை, மூட்டு அசைவு, பிடி, தொடு உணர்வு, பார்வை, கவனம், வரிசை நினைவு. நான் விரல்களிலேயே மூழ்கிக் கிடந்தேன். இடது கை பிடிக்கிறது, விடமாட்டேன் என்கிறது. முல்லைக் காம்பு நசுங்குகிறது. ஆக, பிரச்சினை விரலில்தான் என்று முடிவு கட்டி, இரண்டு வாரம் மேஜை முன்னால் நாற்காலியில் உட்காரவைத்துப் பெக் போர்டு, கோன், கிளிப் என்று பயிற்சி கொடுத்தேன். நைன் ஹோல் பெக் டெஸ்டில் (ஒன்பது துளையில் குச்சிகளைச் செருகி எடுக்கும் சோதனை) நேரம் குறைந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். "வீட்டுல பூ கட்டிப் பாத்தீங்களாக்கா?" என்று கேட்டால் மட்டும் சிரித்து மழுப்புவார்.

சிவப்பு மைக் கேள்வியோடுதான் அவர் வீட்டுக்குப் போனேன். மேட்டூரில் திறந்த தண்ணீர் வந்து வாய்க்கால் ஓடிக்கொண்டிருந்த சமயம். திண்ணையில் உட்கார்ந்து காட்டச் சொன்னேன். ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, நாரின் நுனியை நீட்டிய காலின் பெருவிரலில் சுற்றி மாட்டினார்.

அதுதான் இன்னொரு நுனி. கால் பெருவிரல்.

எல்லோரும் இப்படிக் கட்டுவதில்லை. எங்கள் அப்பாயி கையிலேயே கட்டுவார், அதனால் எனக்குத் தோன்றவே இல்லை. அக்காவுக்கு முப்பது வருடப் பழக்கம் இது. நார் விறைப்பாக இருந்தால்தான் அவருக்கு முடிச்சு விழும். விறைப்பாக வைக்கக் காலை நீட்டவேண்டும், உடம்பைக் கொஞ்சம் பின்னால் சாய்க்கவேண்டும். முன்பு இடது காலில் மாட்டுவாராம். இப்போது அந்தக் காலில் பெருவிரல் சொன்னபடி கேட்பதில்லை, வலது காலுக்கு மாற்றிக்கொண்டார். வலது காலை நீட்டி நாரை இழுத்ததும் உடம்பு மெல்ல இடப்பக்கம் சரிகிறது. சரிகிற உடம்பை நிறுத்த இடது கை தன்னாலே இறுகுகிறது. அந்த இறுக்கத்தில்தான் காம்பு நசுங்குகிறது.

அப்படியானால் உடைந்த படி விரலுக்கு நாலு படி முன்னால் இருக்கிறது. என் ஒன்பது பக்கத்தில் அந்தப் படியே கிடையாது. நாற்காலியில் உட்காரவைத்த அன்றே அதை நான் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கிவிட்டேன்.

இதைப் பாடப்புத்தகத்தின் மேல் தள்ளவும் ஆசைதான். அதில் ரொட்டியில் வெண்ணெய் தடவுவதும் ஷூ லேஸ் கட்டுவதும்தான் உதாரணம். எல்லாம் மேஜை உயரத்தில் நடக்கிற காரியம். இந்த நாட்டில் 1950இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கர் இந்தப் படிப்பைத் தொடங்கி எத்தனையோ வருடமாகிவிட்டது, நாம் இன்னும் தரையில் உட்காரவில்லை. ஆனால் புத்தகமா என்னை வீட்டுக்குப் போகாதே என்றது?

எனவே சுருக்கமாக ஒரு விதி: செயல் எங்கே நடக்கிறதோ அங்கேயே பாருங்கள். முடியாவிட்டால் வகுப்பறைத் தரையில் பாய் விரித்தாவது பாருங்கள். முதல் வரியை "கையில் எடுக்கிறார்" என்று தொடங்காமல் "உட்காருகிறார்" என்று தொடங்குங்கள்.

ஐந்தாம் படி: எதை மாற்றுவது?

மூன்று வழி உண்டு. ஆளின் திறனை வளர்ப்பது, செய்யும் விதத்தை மாற்றுவது, பொருளையோ இடத்தையோ மாற்றுவது. மாணவர்கள் எப்போதும் முதல் வழிக்கே ஓடுவார்கள். நானும்தான். வேகமாகப் பலன் தருவது பெரும்பாலும் மூன்றாவது.

அக்காவுக்குச் செய்தது: சுவரில் முதுகு படுகிற மாதிரி இடத்தை நகர்த்தினோம். ஒரு மணைப்பலகையில் உட்காரவைத்து, இடது பக்கம் சரியாமலிருக்க மடித்த கோணியை அண்டைகொடுத்தோம். நார் நுனியைக் காலிலிருந்து எடுத்துத் திண்ணைத் தூணில் ஓர் ஆணி அடித்து அதில் மாட்டினோம். ஆணி உயரத்துக்கு மூன்று தடவை அடித்துப் பிடுங்கினோம். கடைசியில் உட்கார்ந்த நிலையில் தொப்புள் உயரம் சரிவந்தது. முட்டி வலிக்கிறது என்றால் முக்காலி போடலாம் என்றேன், "கோயில் வாசல்ல முக்காலி போட்டா குட்டச்சின்னு சொல்லுவாங்க" என்று மறுத்துவிட்டார். மறுக்க அவருக்கு உரிமை உண்டு. அதையும் ரெக்கார்டில் எழுதுங்கள்.

அதே நாளில் காம்பு நசுங்குவது பாதியாகக் குறைந்தது. விரலுக்கு நான் எதுவுமே செய்யவில்லை.

ஆறாம் படி: கிரேடிங்

எளிதிலிருந்து கடினத்துக்கு. முல்லையில் தொடங்காதீர்கள். முதலில் மரிக்கொழுந்து: காம்பு நீளம், நசுங்கினாலும் மணம்தான் கூடும். அடுத்து செவ்வந்தி. பிறகு இரண்டையும் கலந்து கதம்பம். தஞ்சாவூர்ப் பக்கம் கதம்பத்துக்கு எப்போதும் கிராக்கி உண்டு, அதனால் பயிற்சியில் கட்டியதையே அவர் விற்றார். கடைசியில்தான் முல்லை. ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் கடினமாக்குங்கள். பூவை மாற்றிய வாரத்தில் சுவரையும் எடுக்காதீர்கள்.

ஏழாம் படி: கோல் (இலக்கு) எழுதுவது

"கைத்திறனை மேம்படுத்துதல்" என்று எழுதினால் வைவாவில் தொலைந்தீர்கள். "ஆறு வாரத்தில், மணையில் சுவர் சாய்ந்து உட்கார்ந்து, யார் உதவியுமின்றி, இருபது நிமிடத்துக்குள் ஒரு முழம் கதம்பம் கட்டுவார்." யார், எப்படி, எவ்வளவு, எப்போதைக்குள். அவ்வளவுதான். ஆறு வாரம் கழித்துச் சி.ஓ.பி.எம். மறுபடி போட்டோம்: செயல்திறன் 5, திருப்தி 6. இரண்டு புள்ளி ஏறினாலே பொருட்படுத்தத்தக்க மாற்றம் என்பார்கள்.

பின்சேர்க்கை 1: வெளிநாட்டில் முதுநிலை சேரப்போகும் இருவர் இந்த முறை அங்கே செல்லுமா என்று கேட்டிருந்தார்கள். செல்லும், பெயர்கள்தான் மாறும். அமெரிக்காவில் ஓ.டி. ஆக நுழைவதே முதுநிலை அல்லது முனைவர் மட்டத்தில்தான். அங்கே லெவல் 2 ஃபீல்டுவொர்க் (முழுநேரக் களப்பயிற்சி) மட்டும் குறைந்தது 24 வாரம், அதற்குப் பிறகு என்.பி.சி.ஓ.டி. என்ற தேசியச் சான்றிதழ் வாரியத்தின் தேர்வு. தாளின் தலைப்புகளை அமெரிக்க ஓ.டி. சங்கமான ஏ.ஓ.டி.ஏ.வின் பிரேம்வொர்க்படி மாற்றிக்கொள்ளுங்கள். எந்த நாடானாலும் உலக ஓ.டி. கூட்டமைப்பின் குறைந்தபட்சக் களப்பயிற்சி 1000 மணி நேரம். அதில் பெரும்பகுதி இந்தத் தாளை எழுதித்தான் கழியும்.

பின்சேர்க்கை 2: நாருக்குப் பதில் நைலான் நூல் வைக்கலாமா என்று கேட்டவருக்கு: வைக்காதீர்கள். வழுக்கும். ஈர நார் தட்டையாகக் காம்போடு ஒட்டி நிற்கும், இழுப்பு கொஞ்சம் தளர்ந்தாலும் பூ நழுவாது. பருத்தி நூல் பரவாயில்லை.

பின்சேர்க்கை 3: மன்னார்குடியிலிருந்து ஒருவர், "கட்டினதும் அளக்க வேண்டாமா? அதை விட்டுட்டீங்களே" என்று எழுதியிருந்தார். தூக்கிவாரிப்போட்டது. என் தாள் கட்டுவதோடு முடிந்துவிட்டது. அக்காவுக்குப் போன் போட்டேன். "அத ஏன் கேக்குற" என்று ஆரம்பித்தார். பழக்கதோஷத்தில் இடது கையில்தான் முழம் போடுகிறாராம். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை ஒரு முழம், ஆனால் அந்த விரல் இப்போது நீள்வதில்லை. மடங்கிய விரல் வரைக்கும் அளந்தால் முழம் நாலு விரல்கடை குறைகிறது, வாங்குகிறவர்கள் சண்டைக்கு வருகிறார்கள். வலது கையில் அளக்கச் சொன்னால், பூச்சரத்தை இடது கை பிடித்துக்கொள்ளவேண்டும், அது விடாது.

மணைப்பலகையின் விளிம்பில் அவருடைய வலது முழத்தை அளந்து, இரண்டு முனையிலும் பெயின்டால் கோடு போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். பேரன் பச்சைப் பெயின்டில் போட்டு போட்டோ அனுப்பியிருக்கிறான்.