டைட்டானியம்-அலுமினியம் டார்கெட்: பெட்டியிலிருந்து முதல் பூச்சு வரை

அம்பத்தூர் பட்டறைகளில் கருஊதா நிறத்தில் மின்னும் டிரில் பிட்களைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அது டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு பூச்சு. நாம் பூச்சில் நைட்ரஜனைச் சேர்க்காமல், வெறும் உலோகக்கலவையைக் கண்ணாடித் துண்டில் பூசிப் பழகுவோம். வெற்றிடத்தில் ஆர்கான் அயனிகள் டார்கெட்டில், அதாவது பூச வேண்டிய உலோகக்கலவையின் வட்டில், மோத, கேரம் காய்கள்போல் அணுக்கள் தெறித்து எதிரிலுள்ள கண்ணாடியில் படியும். ஸ்பட்டரிங் என்பது இவ்வளவுதான்.

1. வாங்கும்போதே கேளுங்கள்: 50:50 என்பது அணு விகிதமா, எடை விகிதமா? அணு விகிதம் என்றால், எடைக் கணக்கில் டைட்டானியம் 64 சதவீதம், அலுமினியம் 36 சதவீதம். இதைக் கேட்காமல் வாங்கிவிட்டுப் பிறகு திண்டாடுபவர்கள் உண்டு. 2 அங்குல விட்டம், 3 மி.மீ. தடிமன் பழகப் போதும்.

2. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, டார்கெட்டைக் கையுறையோடு சேம்பருக்குள், அதாவது வெற்றிட அறைக்குள், மாட்டுங்கள். இந்தக் கலவை நொறுங்கும் குணமுடையது. திருகுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பிறகு மல்டிமீட்டரின் ஒரு முனையை டார்கெட்டிலும் மறு முனையைச் சேம்பர் சுவரிலும் வையுங்கள். 'பீப்' என்று கத்தினால் எங்கோ ஓர் உலோகத் துணுக்கு இடுக்கில் பாலம் போட்டிருக்கிறது. கழற்றித் துடைத்து மறுபடி மாட்டுவதைத் தவிர வழியில்லை.

3. கண்ணாடியை அசிட்டோனிலும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலிலும் கழுவி உலர்த்தி உள்ளே வைத்து, பம்பை ஓடவிடுங்கள். 10⁻⁶ மில்லிபார் அளவுக்கு இறங்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் பொறுமை தேவை: திறந்திருந்த நேரத்தில் சுவர் குடித்த ஈரம் மெல்லத்தான் வெளியேறும்.

4. ஆர்கானை விட்டு 5×10⁻³ மில்லிபாரில் நிறுத்துங்கள். டார்கெட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே மறைக்கும் தகடான ஷட்டர் மூடியே இருக்கட்டும். மின்திறனை நிமிடத்துக்கு 10 வாட் வீதம் 80 வாட் வரை ஏற்றுங்கள். அவசரப்பட்டால் டார்கெட் வெடிப்பு விடும். அடுத்த 15 நிமிடம் காத்திருங்கள். மேலிருக்கும் ஆக்சைடு முதலில் போக வேண்டும். அதோடு, ஒரே அயனி அடிக்கு அலுமினியம் டைட்டானியத்தைவிட ஏறக்குறைய இரு மடங்கு உதிரும். அதனால் தொடக்கத்தில் வருவதில் அலுமினியம் தூக்கலாக இருக்கும். மேற்பரப்பில் அது குறைந்ததும் கணக்கு சமமாகி, டார்கெட்டின் விகிதத்திலேயே அணுக்கள் கிளம்பும். மின்னழுத்தம் அலைந்து ஓரிடத்தில் நிலைத்தால், நேரம் வந்துவிட்டது.

5. ஷட்டரைத் திறந்து 20 நிமிடம் பூசி, மூடி, அணையுங்கள்.

6. டார்கெட் ஆறியதும், அதைக் குளிர்விக்கும் தண்ணீரை ஓட்டும் சில்லர் இயந்திரத்தை நிறுத்துங்கள். அதன் பின்பே உலர் நைட்ரஜனை விட்டுச் சேம்பரைத் திறக்க வேண்டும். ஒருமுறை ஏசி ஓடாத அறையில், 18 டிகிரி தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே திறந்துவிட்டேன். குளிர்ந்த சோடா பாட்டில்போல் டார்கெட் முழுக்க முத்து முத்தாக வியர்த்துவிட்டது. அன்றைய மீதி வேலை, துடைப்பதும் மறுபடி பம்ப் போடுவதும்தான்.

கண்ணாடியின் ஓரத்தில் செல்லோடேப்பை ஒட்டி வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். படலம் டேப்போடு வந்துவிட்டால், மூன்றாவது படியில் கண்ணாடியைக் கழுவியதைத்தான் முதலில் சந்தேகப்படுவேன்.