இணையம் இல்லாத வகுப்பறைக்கு ஒரு கணினி நோயாளி

மருத்துவ மாணவர்கள் நோய் விவரம் கேட்டறிந்து பழக, பேசும் நோயாளி ஒன்றைச் சாதாரண மடிக்கணினியிலேயே உருவாக்கிவிடலாம். வளரும் நாடுகளில் இணையம் வருவதும் போவதுமாக இருக்கும் கல்லூரிகளுக்கு இதுதான் சரி. மாதச் சந்தா கேட்கும் இணையச் சேவைகள் பக்கம் நான் போவதில்லை.

மொழி மாதிரிகளைச் சொந்தக் கணினியிலேயே இயக்க உதவும் ஒல்லாமா மென்பொருளை நிறுவி, கூகுளின் ஜெம்மா 3 மொழி மாதிரியின் 4பி (400 கோடி அளவுருக்கள் கொண்ட) வடிவத்தை இறக்கிக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 3 ஜிபி வரும்; கணினியில் 8 ஜிபி ரேம் போதும். அதைவிடச் சிறியவை தமிழில் உளறுகின்றன.

அடுத்தது நோயாளிக் குறிப்பு; அதாவது, யாராக நடிக்க வேண்டும் என்று உரையாடலின் தொடக்கத்தில் கணினிக்குச் சொல்வது. நான் இரண்டு வாரம் மாட்டிக்கொண்டு விழித்த இடம் இதுதான். "வயிற்றுப்போக்கால் ஓரளவு நீரிழப்பு ஏற்பட்ட குழந்தையின் தாய் நீ" என்று எழுதிக் கொடுத்திருந்தேன். "குழந்தைக்கு என்னம்மா?" என்று மாணவி கேட்டதுதான் தாமதம், "ஓரளவு நீரிழப்பு டாக்டர், ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல்) தொடங்கலாமா?" என்றது கணினி. நோயாளியே பரீட்சை எழுதிவிட்டாள்!

நோயின் பெயரைக் குறிப்பிலிருந்து அடியோடு எடுத்துவிடுங்கள். தாய் கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள்: "நேற்றிரவிலிருந்து எட்டு முறை தண்ணீராகப் போனது. இருப்புக்கொள்ளாமல் அழுகிறான். தண்ணீரைக் கண்டால் பாய்ந்து குடிக்கிறான். கண் குழி விழுந்துவிட்டது." இதன் கீழே, கேட்டதற்கு மட்டுமே பதில் சொல்ல வேண்டும், குறிப்பில் இல்லாததைக் கேட்டால் "கவனிக்கவில்லை டாக்டர்" என்று சொல்ல வேண்டும் என்று சேருங்கள். இரண்டாவதை விட்டுவிட்டால், ஒரு மாணவரிடம் காய்ச்சல் உண்டு என்றும் அடுத்தவரிடம் இல்லை என்றும் கதை கட்டும். கிள்ளிய தோல் மெதுவாகத் திரும்புவது போன்ற பரிசோதனை முடிவுகள் ஆசிரியர் கையில் தனித் தாளில் இருக்கட்டும். மாணவர் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

மதிப்பெண் போடும் வேலையைக் கணினியிடம் விடாதீர்கள். ஓரளவு நீரிழப்புக்கான உலக சுகாதார நிறுவனத்தின் 'பி' திட்டப்படி இந்தக் குழந்தைக்கு நான்கு மணி நேரத்தில் கிலோவுக்கு 75 மில்லிலிட்டர் ஓஆர்எஸ். எடை 10 கிலோ என்றால் 750. ஒரு மாணவர் மொத்தமே 75 என்று எழுத, "அருமை" என்று பாராட்டியது கணினி. விடையை முன்பே அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவம் தெரிந்த கணினிக்கும் கற்பிக்க வராது என்ற சிக்கல் பழையது. 1970களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான மைசின் என்ற கணினி நிரல், தொற்றுநோய்க்கு மருந்து பரிந்துரைப்பதில் கெட்டிக்காரன். அதன் விதிகளைக் கொண்டே பாடம் நடத்த 'கைடன்' என்ற அமைப்பைக் கட்டியபோதுதான், ஒவ்வொரு விதிக்கும் பின்னாலுள்ள காரணம் அதில் எழுதப்படவே இல்லை என்பது தெரிந்தது.

பின்சேர்க்கை: பதினைந்து இருபது கேள்விகளுக்குப் பிறகு தாய் மறுபடியும் டாக்டராகிவிடுகிறாள் என்று சிலர் எழுதியிருந்தார்கள். தமிழ் எழுத்து ஆங்கிலத்தைவிட அதிக டோக்கன்களாக (மாதிரி படிக்கும் சிறு துண்டுகளாக) உடைவதால் உரையாடல் நினைவு சீக்கிரம் நிரம்பி, தொடக்கத்தில் கொடுத்த குறிப்பு நழுவிவிடக்கூடும். ஒல்லாமாவில் சூழல் நீளத்தை, அதாவது அந்த நினைவின் அளவை, 8192 டோக்கன் ஆக்குங்கள். வேகம் சற்றுக் குறையும். அப்போதும் வழிக்கு வராவிட்டால் மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். திருத்தப் பார்த்தால், மன்னிப்புக் கேட்டுக் கேட்டே வகுப்பு நேரத்தைத் தின்றுவிடும்.