மலையில் கெமிக்கல் பீலிங் செய்துகொள்ளும் முன்

குன்னூரில் தோல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறேன். மங்குக்கு கிளைகாலிக் பீலிங் (கிளைகாலிக் அமிலம் தடவித் தோலின் மேலடுக்கை உரிப்பது) கேட்டு வரும் தோட்டத்து அக்காமாரிடம் நான் முதலில் கேட்பது, "வெயிலில் நிற்கிற வேலையா?" என்றுதான். மேகம் மூடினாலும் புற ஊதாக் கதிர் வரும்; ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் சுமார் 10 சதவீதம் கூடும். ஊட்டி 2,240 மீட்டர், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வகை) கிரீமை பீலிங்குக்குச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டும்; எத்தனை நாள் என்பதை மருத்துவர் சொல்வார். பீலிங் செய்த பிறகு தோல் உரியும், அரிக்கும். பிய்க்கவே கூடாது, நம் நிறத்துக்குக் கறுப்புத் திட்டு சட்டென்று விழும். வாசலின் தடவுங்கள். முகத்துக்குக் கொதிக்கிற வெந்நீர் வேண்டாம் (இந்தக் குளிரில் கஷ்டம்தான்), வெதுவெதுப்பு போதும். எஸ்பிஎஃப் (வெயில் காப்பு அளவு) 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன், வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. கொழுந்து பறிக்கப் போனால் அகலத் தொப்பியும் சேர்த்து.