ஆச்சி நிமிர்ந்து உட்காருவதற்குள்

படம் எடுக்க எங்கள் ஆச்சியிடம் போனை நீட்டினால் போதும், ஆதார் அட்டைக்கு உட்கார்ந்தவள் மாதிரி ஆகிவிடுவாள். முந்தானையை இழுத்துப் போர்த்தி, இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்து, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு ஒரு முறைப்பு. வாழ்நாளில் இரண்டோ மூன்றோ தடவை ஸ்டூடியோவுக்குப் போனவள். "ஆடாதீங்க" என்று அங்கே சொன்னது இன்னும் உடம்பில் ஊறிக் கிடக்கிறது.

ரொம்ப நாள் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று எடுத்துப் பார்த்தேன். கிடைத்ததெல்லாம் பாதிக் கொண்டையும் கலங்கிய முதுகும்தான். ஒருநாள் பிடிபட்டும் விட்டேன். "ஏட்டி, களவாணி மாதிரி அங்க என்னத்தப் பண்ணுத?" அதற்கப்புறம் ஒளிவதில்லை. கையில் வேலை இருக்கிற நேரமாகப் பார்த்து எதிரிலேயே போய் உட்கார்ந்துகொள்கிறேன். கை வேலையில் இருந்தால் முகம் அதன் பாட்டுக்கு இருக்கும்.

போன பங்குனியில் கல்லிடைக்குறிச்சி வீட்டு மொட்டை மாடியில் கூழ் வத்தல் பிழிந்தோம். அன்று எடுத்த படங்களை வைத்தே சொல்கிறேன்.

வத்தல் பிழிய காலை ஆறரைக்கே மாடி ஏறிவிடுவோம். படத்துக்கும் அதுதான் நேரம். வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழும். பத்து மணி வெயிலில் கண்குழியும் மூக்குக்குக் கீழேயும் கறுத்துவிடும், யாராய் இருந்தாலும் கோபக்காரராகத் தெரிவார்கள். அதோடு, வத்தலுக்கு விரித்த பழைய வெள்ளை வேட்டி கீழேயிருந்து வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. கல்யாண வீட்டில் போட்டோக்காரர் ஒரு பையனிடம் தெர்மாகோல் அட்டையைக் கொடுத்து நிற்க வைப்பாரே, அதே வேலை.

அந்த வேட்டியே போனை ஏமாற்றவும் செய்யும். திரை முழுக்க வெள்ளையாக இருந்தால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்து, போன் எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும். மாநிறமான ஆச்சி கரிக்கட்டை ஆகிவிடுவாள். அதனால் திரையில் அவள் முகத்தின் மேல் ஒரு தட்டு தட்டுங்கள். உடனே முகம் தெளியும். ஆனால் நெற்றித் திருநீறு வெளிறிப் போகும். பக்கத்தில் சின்னச் சூரியன் மாதிரி ஒரு குறி வரும் இல்லையா, அதைத் துளி கீழே இழுங்கள், திருநீறு தனியாகத் தெரிகிற வரைக்கும். அதே இடத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் அந்த அளவு பூட்டிக்கொள்ளும். ஒவ்வொரு படத்துக்கும் திரும்பத் தட்ட வேண்டாம்.

லென்ஸைத் துடைத்தீர்களா? நான் அன்று முதல் பத்துப் படத்தைத் துடைக்காமல்தான் எடுத்தேன். எண்ணெய்க் கை பட்டதில் வெளிச்சமெல்லாம் இழுவிக்கொண்டு, பனிக்காலத்து விடியல் மாதிரி வந்தது.

கிட்டே போகாதீர்கள். முகத்துக்கு ஒன்றரை அடியில் போனைக் கொண்டுபோனால் மூக்கு பெரிதாகி காது பின்னால் ஓடிவிடும். ஐந்தாறு அடி தள்ளி, தரையில் உட்கார்ந்து, 2எக்ஸ் ஜூமில் வைத்து எடுங்கள். நின்றுகொண்டு எடுத்தால் உச்சந்தலைதான் கிடைக்கும்.

இனி முக்கியமான விஷயம். முதல் படம் ஆச்சிக்கு, அடுத்த படம் உங்களுக்கு. போனைப் பார்த்ததும் அவள் நிமிரத்தான் செய்வாள். நிமிரட்டும். அந்தப் படத்தை மரியாதையாக எடுத்து, காட்டி, "நல்லா இருக்கு ஆச்சி" என்று சொல்லுங்கள். அவளும் "போதும்லா" என்று மறுபடி அச்சைக் கையில் எடுப்பாள். நீங்கள் போனை இறக்காதீர்கள். "சிரிங்க" என்ற வார்த்தையே வாயில் வரக் கூடாது. நான் கேட்டது இவ்வளவுதான்: "மாவுல உப்பு கூடிட்டோ ஆச்சி?" அறுபது வருஷமாக வத்தல் பிழிகிறவளிடம் கேட்கிற கேள்வியா அது! அச்சை மடியில் வைத்து, ஒரு கையை ஓங்கி, புருவம் ரெண்டும் ஏறி நிற்க, "உங்க அம்மைக்கே நாந்தான் சொல்லிக் குடுத்தேன்" என்று திரும்பினாள் பாருங்கள், அந்தப் படம்தான் இப்போது என் அலமாரியில் இருக்கிறது. அப்பாவுக்கு இது பலிக்காது. அவரிடம் ஓடாத டேபிள் ஃபேனைக் கொடுத்துவிட்டால் போதும், அரை மணி நேரம் உலகமே மறந்துவிடும்.

அண்ணன் மகனுக்கு ஐந்து வயது. அவனுக்குப் பூட்டியான ஆச்சி அந்தப் பக்கம் திரும்பினால் இவன் இந்தப் பக்கம் பச்சை மாவை வழித்து வாயில் போட்டுக்கொள்கிறான். இப்படிப்பட்டவர்களுக்குத் தொடர்ச்சியாகப் படம் எடுக்கிற வசதிதான் சரி. சில போனில் பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டும், சிலதில் பக்கவாட்டிலோ கீழேயோ இழுத்துப் பிடிக்க வேண்டும். இருபது படத்தில் ஒன்று தேறும். வீட்டுக்குள் என்றால் வாசல்படிக்குக் கூட்டிவந்து விளக்கை அணைத்துவிடுங்கள். நம் ஊர் மின்சாரத்தில் மலிவான பல்புகள் நொடிக்கு 100 முறை மங்கி மங்கி எரிகின்றன. கண்ணுக்குத் தெரியாது, படத்தில் கோடு கோடாக விழும். நைட் மோடும் வேண்டாம். அது பல படங்களை அடுக்கிச் சேர்ப்பதற்குள் பையன் பக்கத்துத் தெருவில் இருப்பான். ஃப்ளாஷைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

போர்ட்ரெய்ட் மோடு எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. தலையில் வைத்த பிச்சிப்பூவில் பாதியையும் கலைந்த நரைமுடியையும் பின்னணி என்று நினைத்து மங்கலாக்கிவிடும். பின்னால் வரிசையாகக் காய்கிற வத்தலும் போய்விட்டால் அப்புறம் அந்தப் படத்தில் என்ன இருக்கிறது? முகத்தை மழமழவென்று ஆக்குகிற பியூட்டி என்று ஒன்று இருக்கும், அதைச் செட்டிங்ஸில் தேடிப் பிடித்து அணைத்துவிடுங்கள்.

எடிட்டிங்கை மத்தியானம் படுத்துக்கொண்டே செய்யலாம். அன்று அறுபது படம் எடுத்தேன், ஏழுதான் மிஞ்சியது. அழிக்கும்போது முகத்தை மட்டும் பார்க்காதீர்கள், கையையும் பாருங்கள். ஸ்நாப்சீட் ஆப் எனக்குப் போதும், கூகுளுடையது, இலவசம். முதலில் சாய்வை நேராக்கி, ஓரத்தில் இருக்கிற பிளாஸ்டிக் வாளி வெளியே போகும்படி வெட்டுங்கள். ட்யூன் இமேஜில் ஹைலைட்ஸை மைனஸ் 25 வரை குறைத்தால் வேட்டியின் மடிப்பு திரும்பி வரும். ஷேடோஸ் 15 ஏற்றலாம். ஆம்பியன்ஸைக் கூட்டினால் டி.வி. விளம்பரம் மாதிரி ஆகிவிடும், நான் தொடுவதில்லை. முகம் இன்னும் இருட்டாக இருந்தால் செலக்டிவில் கன்னத்தின் மேல் ஒரு புள்ளி வைத்து, இரண்டு விரலால் வட்டத்தைச் சுருக்கி, வெளிச்சத்தை மட்டும் கொஞ்சம் ஏற்றுங்கள். ஹீலிங்கால் நான் அழித்தது கொடியில் தொங்கிய ஒரே ஒரு கிளிப். சுருக்கத்தில் கை வைக்கவில்லை.

வாட்ஸாப்பில் அனுப்பும்போது டாக்குமென்டாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் சுருக்கிவிடும், பிரிண்ட் போட்டால் பிசிறு பிசிறாக இருக்கும். 4க்கு 6 அங்குலத்தில் தெளிவாக வர 1200க்கு 1800 பிக்சலாவது வேண்டும். குடும்பக் குரூப்பில் போடுவதற்கு முன் படத்தில் இருக்கிறவரிடம் காட்டிவிடுங்கள். பல்செட்டைக் கழற்றி வைத்திருந்த படம் ஒன்று பிரமாதமாக இருந்தது. ஆச்சி கூடாது என்றாள். அழித்துவிட்டேன்.

பிரிண்ட் கடையில் மட்டும் உஷார். கடைப் பையன் பழக்கதோஷத்தில் முகத்தை வெளுத்துக் கொடுத்துவிட்டான். ஆச்சி படத்தைத் தள்ளிப் பிடித்து, கிட்டே பிடித்து, "இது யாருட்டி, வடக்கத்தியா?" என்றாள். மறுபடி போய், "எந்தக் கரெக்ஷனும் வேண்டாம் தம்பி, அப்படியே போடு" என்று பக்கத்திலேயே நின்று வாங்கி வந்தேன். இதையும் ரொம்ப நேரம் பார்த்தாள். "அன்னைக்கு உப்பு சரியாத்தாம்ட்டி இருந்துச்சு" என்றாள்.