காத்தாடி மழையை விரட்டுதா? காரணம் தேடும்போது நாம் செய்யும் தவறுகள்

கொங்கு நாட்டுக்காரர்கள் கண்ணால் பார்த்துச் சொல்வது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். தோட்டத்தில் புழங்கிப் பழகிய கண் அது. சிக்கல் அடுத்த படியில் வருகிறது. "அது ஏனுங்க அப்பிச்சி அப்படி?" என்று பேரன் கேட்டதும், கைக்கு முதலில் அகப்பட்ட காரணத்தை எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். பார்த்தது நிஜமாக இருப்பதால் காரணத்தையும் யாரும் சந்தேகப்படுவதில்லை.

காத்தாடி (காற்றாலை) விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். ஆடி மாதம் பல்லடம், தாராபுரம் பக்கம் நின்று பார்த்தால் மேகம் கூட்டம் கூட்டமாகக் கிழக்கே போகும், ஒரு சொட்டு விழாது. கீழே கேத்தனூரிலும் பூளவாடியிலும் காற்றாலைகள் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும். "இந்தக் காத்தாடி போட்டதுல இருந்துதான் மழை போச்சு" என்ற பேச்சு இப்படித்தான் பிறக்கிறது. இரண்டும் சேர்ந்து நடப்பது உண்மை. ஆனால் சேர்ந்து நடப்பதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. இரண்டையும் உண்டாக்கும் மூன்றாவது ஒன்று இருக்கலாம் என்பதை மறந்துவிடுவதுதான் இங்கே தவறு.

அந்த மூன்றாவது, மேற்கே நிற்கும் மலை. அரபிக்கடலில் இருந்து ஈரத்தைச் சுமந்து வரும் தென்மேற்குக் காற்று மலையில் மோதி மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்கிறது, ஈரம் மழையாகக் கொட்டுகிறது. வால்பாறைக்குப் பக்கத்துச் சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்றாக இருப்பது இதனால்தான். மலையைத் தாண்டிய காற்று நம் பக்கம் இறங்கும்போது சூடேறி, மேகமும் மெலிந்துவிடுகிறது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்குப் பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கிறது அல்லவா? அதன் வழியே நுழையும் காற்றுக்கு உயரத்துக்கு ஏற வேண்டிய அவசியமே இல்லை. அதனால் மழையாகக் கொட்டவும் வாய்ப்புக் குறைவு. இரண்டு கட்டடங்களுக்கு நடுச் சந்தில் காற்று வேகம் பிடிப்பது போல, மலைகளுக்கு நடுவே நெருக்கப்பட்டு அது வேகமும் எடுக்கிறது. பொள்ளாச்சியில் சாரல் தூவிவிட்டு, மூலனூருக்குப் போவதற்குள் வெறும் காற்றாகிவிடுகிறது. அந்த வேகத்துக்காகத்தான் காத்தாடிகளைத் தேடி வந்து இங்கே நட்டார்கள்.

இதைச் சரிபார்க்க ஓர் எளிய வழி, எது முந்தியது என்று கேட்பது. காத்தாடிகள் இந்தப் பக்கம் பெருகியது 1990-களுக்குப் பிறகு. பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்டத்தின் (பி.ஏ.பி.) அணைகள் 1960-களிலேயே எழும்ப ஆரம்பித்துவிட்டன. ஆடியில் தாராளமாக மழை பெய்கிற பூமியாக இருந்திருந்தால், பல்லடத்துக்கும் காங்கேயத்துக்கும் பி.ஏ.பி. வாய்க்கால் வெட்டவேண்டிய தேவை என்ன? உயரத்தையும் பாருங்கள். காத்தாடியின் அச்சு தரையிலிருந்து சுமார் நூறு மீட்டரில் இருக்கும். மழை மேகமோ பல கிலோமீட்டர் உயரத்துக்கு எழும்பும் சமாச்சாரம். இறக்கைகள் தரையை ஒட்டிய காற்றைக் கலக்குவதால் சுற்றுவட்டாரத்தில் இரவு வெப்பநிலை கொஞ்சம் மாறலாம், அது உண்மைதான். அதற்காக மழையையே விரட்டும் பலத்தை அதன் தலையில் கட்ட முடியாது. காத்தாடி மேல் வேறு புகார் இருந்தால் (சத்தம், நிலத் தகராறு) அதை அதன் பெயரிலேயே சொல்லலாமே.

அடுத்த தவறு பணத்தையே விழுங்குவது. போர் போட நிலத்தடியில் எங்கே தண்ணீர் இருக்கிறது என்று பார்க்க, உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு தோட்டங்காட்டில் நடப்பார்கள். ஓர் இடத்தில் தேங்காய் நட்டுக்கொண்டு எழுந்து நிற்கும். அல்லது கவட்டை வேப்பங்குச்சி கீழ்நோக்கி இழுக்கும். அங்கே பாயிண்ட் குறித்து, போர் துளைக்கும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியை வரச்சொல்வது வழக்கம். இப்படித் தண்ணீர் பார்ப்பவர் ஏமாற்றுகிறார் என்று நான் நினைக்கவில்லை. குச்சி தானாகவே இழுப்பதாகத்தான் அவருக்கும் தோன்றும். நாம் எதிர்பார்க்கும் திசையில், நமக்கே தெரியாமல் தசைகள் நுணுக்கமாக அசையும். இதை வில்லியம் கார்பென்டர் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1852-லேயே விளக்கிவிட்டார். தேங்காயும் கவட்டைக் குச்சியும் விழுவதற்கும் நிற்பதற்கும் நடுவே ஊசலாடும் நிலையில் பிடிக்கப்படுபவை. மணிக்கட்டு மயிரிழை அசைந்தாலே பெரிதாகத் திரும்பிக் காட்டும்.

"எங்க தோட்டத்துல பார்த்த எடத்துல தண்ணி வந்துச்சே" என்பீர்கள். வந்திருக்கும். ஆனால் பார்க்காத இடத்தில் போட்டிருந்தால் வந்திருக்காதா என்று யாரும் துளை போட்டுப் பார்ப்பதில்லை. கிடைத்த போரை ஊரே பேசும். புகை மட்டும் பறந்த போருக்கு "ரெண்டடி தள்ளிப் போட்டுட்டாங்க" என்று சமாதானம் வந்துவிடும். வென்றாலும் தோற்றாலும் நம்பிக்கை அசையாதபடி கணக்கு எழுதினால் எதைத்தான் சோதிக்க முடியும்? 1980-களில் ஜெர்மனியில் மியூனிக் அருகே முறையாகச் சோதித்தார்கள். ஒரு களஞ்சியத்தின் கீழ்த்தளத்தில் தண்ணீர்க் குழாயை நகர்த்தி நகர்த்தி வைத்து, மேல்தளத்தில் குச்சிக்காரர்களைத் தேடச்சொன்னார்கள். ஒரு சிலர் மட்டும் தேறினார்கள் என்று சோதனை நடத்தியவர்கள் சொன்னாலும், அதே எண்களைப் பின்னால் அலசியவர்கள் அது குருட்டு ஊகத்தைவிட மேலானதல்ல என்று காட்டினார்கள்.

நம் பூமி அடியில் இருப்பது கெட்டிப் பாறை. அதற்குள் ஆறு மாதிரி எதுவும் ஓடுவதில்லை. மேலே உளுத்துப்போன பாறையிலும் அதற்குக் கீழே வெடிப்புகளிலும்தான் மழைத் தண்ணீர் தங்குகிறது. வெடிப்பு எந்த வாக்கில் போகிறது என்பதற்குப் பக்கத்துக் கிணற்றின் சுவரைப் பார்ப்பது தேங்காயைவிட நல்ல தடயம். மண்ணுக்குள் மின்சாரம் செலுத்தி மின்தடையை அளக்கும் ஆய்வும் உண்டு. அதுவும் உத்தரவாதம் அல்ல, ஆனால் எங்கே ஈரமான உளுத்த பாறை, எங்கே கெட்டிப் பாறை என்று ஓரளவு பிரித்துக் காட்டும். இன்னொன்று, ஆயிரம் அடி தாண்டியும் "இன்னும் நூறடி போடலாமுங்க" என்று இறங்கிக்கொண்டே போவது. ஆழம் கூடக்கூட மேலிருந்து அழுத்தும் பாறையின் எடையால் வெடிப்புகள் பொதுவாக இறுகிக்கொள்ளும். ஆழத்துக்கேற்ற தண்ணீர் கிடைக்கும் என்பது ரிக் வண்டிக்கு லாபமான நம்பிக்கை.

பழைய நம்பிக்கையைவிட எனக்கு எரிச்சல் தருவது அதற்கு அறிவியல் சட்டை மாட்டிவிடும் பழக்கம். "புளிய மரத்தடியில் ராத்திரி படுத்தால் பேய் அமுக்கும் என்று பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? ராத்திரி மரம் கார்பன் டை ஆக்சைடு விடுது, அதான்." பேயை எடுத்துவிட்டு வாயுவை வைத்தாயிற்று, கணக்கு மட்டும் போடவில்லை. மரம் இரவில் சுவாசிப்பது உண்மைதான். ஆனால் திறந்த வெளியில் அது உடனே காற்றோடு கலந்துவிடும். அதில் மூச்சு முட்டுவதாக இருந்தால், கதவைச் சாத்திக்கொண்டு ஒரே அறையில் நாலு பேர் தூங்குவது எப்பேர்ப்பட்ட ஆபத்தாக இருக்கவேண்டும்! அரச மரம் இரவிலும் ஆக்சிஜன் தரும் என்பதும் இதே ரகம். எந்த மரமானாலும் ஆக்சிஜன் வெளியிட வெளிச்சம் வேண்டும். மின்னல் அடிக்கும்போது மரத்தடியில் ஒதுங்குவதுதான் உண்மையான ஆபத்து. கோடை மழையில் காட்டில் மாட்டிக்கொள்பவர்கள் அதைத்தான் செய்கிறார்கள்.

பாம்பு பற்றிச் சுருக்கமாக. இரண்டு பாம்புகள் பின்னிக்கொண்டு எழும்பி ஆடினால் சாரையும் நாகமும் சேருகின்றன என்பார்கள். பெரும்பாலும் அவை மல்லுக்கு நிற்கும் இரண்டு ஆண் சாரைகள். சாரைக்கும் நல்ல பாம்புக்கும் சம்பந்தமே கிடையாது, இரண்டும் வேறு வேறு இனம். எலியைத் தின்று வெள்ளாமையைக் காக்கும் சாரையை விஷப் பாம்பின் ஜோடி என்று அடித்துக்கொல்வது நமக்கே நஷ்டம். ஆனால் கடித்தது சாரைதான் என்று நீங்களாக முடிவு கட்டிக்கொண்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். கட்டாமல், கீறாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

கடைசியாக வெயில். சூரியன் பக்கத்தில் வருவதால் கோடை கொளுத்துகிறது என்று படித்தவர்களே சொல்கிறார்கள். பூமி சூரியனுக்கு மிக அருகே போவது ஜனவரித் தொடக்கத்தில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில். அப்போது நமக்கு மார்கழிப் பனி. ஜூலைத் தொடக்கத்தில்தான் மிக தூரம், சுமார் 15.2 கோடி. ஆக, தூரம் இதில் பெரிய ஆள் இல்லை. கதிர் எவ்வளவு செங்குத்தாக விழுகிறது என்பது முக்கியம். கோவையில் ஏப்ரல் 18-ஐ ஒட்டி ஒருநாள் நடுப்பகலில் நட்டுவைத்த கம்பத்துக்கு நிழலே விழாது. பிள்ளைகளோடு பார்க்கலாம். ஆனால் சரியாக 12 மணிக்குப் பார்த்து "நிழல் இருக்குதே" என்று திரும்பிவிட வேண்டாம். நம் கடிகாரம் பிரயாக்ராஜ் (பழைய அலகாபாத்) அருகே போகும் தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது. நாம் அதற்கு மேற்கே இருப்பதால் கோவையில் சூரியன் உச்சிக்கு வர 12.20 தாண்டிவிடும்.

செங்குத்துக் கதிர் ஒன்றே போதும் என்று நினைப்பதும் தவறுதான். ஆகஸ்ட் 24-ஐ ஒட்டி, ஆவணியிலும் கோவையில் இதேபோல நிழல் மறைகிறது. ஏப்ரல் அளவுக்கு அன்று யாருக்கும் வேர்ப்பதில்லை, காரணம் கணவாய் வழியே வரும் காற்றும் அது இழுத்துவரும் மேகமும். அந்தக் காற்று மெலியும் தூரத்தில் இருக்கும் கரூர் பரமத்தியில், மே மாதம் அனல் 40 டிகிரியைத் தாண்டுவதை வானிலைச் செய்தியில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள்.