வங்கி வேலைக்கு விண்ணப்பிக்கும் முன் சிபில் அறிக்கையைச் சரிபார்ப்பது எப்படி?

வங்கித் தேர்வுக்குப் படிப்பவர்கள் ரீசனிங், குவான்ட் எல்லாவற்றையும் கரைத்துக் குடித்துவிடுகிறார்கள். அறிவிப்பின் பின்பக்கங்களைத்தான் யாரும் புரட்டுவதில்லை. கடன் பற்றிய விதி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

எஸ்பிஐ 2020இல் வெளியிட்ட சர்க்கிள் பேஸ்டு ஆபீசர் பணி அறிவிப்பில், கடனையோ கிரெடிட் கார்டு பாக்கியையோ கட்டத் தவறியவர்கள், நம் கடன் வரலாற்றைப் பதிவு செய்துவைக்கும் சிபில் நிறுவனத்தில் பாதகமான பதிவு உள்ளவர்கள் நியமனத்துக்குத் தகுதியற்றவர்கள் என்று ஒரு வரி இருந்தது. எல்லாக் கட்டங்களையும் தாண்டி நியமன ஆணை வாங்கிய ஒருவருக்கு, அந்த வரியைக் காட்டி 2021இல் ஆணையை ரத்து செய்தார்கள். விண்ணப்பிக்கும் முன்பே கடனை அடைத்துவிட்டேன் என்று அவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். வங்கி செய்தது சரி என்று 2025 ஜூனில் தீர்ப்பு வந்தது. கடைசியில் அடைத்ததை மட்டும் பார்க்க முடியாது, இடையில் தவணை தவறாமல் கட்டினாரா என்பதும் தகுதியில் சேரும் என்பது தீர்ப்பின் சாரம்.

பல பொதுத்துறை வங்கிகளுக்குப் பொதுத் தேர்வு நடத்தும் ஐபிபிஎஸ் அமைப்பின் விதி இவ்வளவு கறார் இல்லை. பணியில் சேரும்போது கடன் வரலாறு நன்றாக இருக்க வேண்டும், குறைந்தபட்ச கடன் ஸ்கோர் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி என்கிறது. பாதகமான பதிவு இருந்தால் அதைச் சரிசெய்த அறிக்கையோ, பாக்கி இல்லை என்று கடன் கொடுத்தவர் தரும் என்ஓசியோ காட்ட வேண்டும். இல்லாவிட்டால் வேலை கைநழுவலாம். தனியார் துறையில் நிதி சார்ந்த பொறுப்புகளுக்கு ஆள் எடுக்கும்போதும் இதைக் கேட்பதுண்டு.

சரி, வேலையைத் தொடங்குவோம்.

படி 1: அறிக்கையை எடுங்கள்

இந்தியாவில் கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அவர்களின் தளத்தில் பான் எண், மொபைல் எண் போன்ற விவரங்களைக் கொடுத்து எடுக்கலாம். நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. நான்கையும் எடுத்துவிடுங்கள். மகளிர் குழுக் கடன் மாதிரி சில கணக்குகள் ஒன்றில் இருந்து இன்னொன்றில் இல்லாமல் போகலாம்.

படி 2: ஸ்கோரை விட்டுவிட்டு உள்ளே பாருங்கள்

300 முதல் 900 வரையிலான அந்த எண்ணைப் பார்த்ததும் பாதிப் பேர் மூடிவிடுகிறார்கள். நமக்கு வேண்டியது அடுத்த பக்கங்கள். ஒவ்வொரு கடனுக்கும் கீழே மாதவாரியாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும், அதிகபட்சம் 36 மாதங்களுக்கு. 000 என்றால் அந்த மாதம் பாக்கி இல்லை. 030 என்றால் தவணை 30 நாள் தாண்டிவிட்டது. எக்ஸ்எக்ஸ்எக்ஸ் என்று இருந்தால் பயப்பட வேண்டாம், அந்த மாதத் தகவலை வங்கி அனுப்பவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் கணக்கின் நிலை. ‘குளோஸ்டு’ என்றால் நிம்மதி. ‘செட்டில்டு’ என்றால் பேரம் பேசிக் குறைந்த தொகைக்கு முடித்திருக்கிறீர்கள். ‘ரிட்டன் ஆஃப்’ என்றால் வராத கடன் என்று வங்கி எழுதிவைத்துவிட்டது. வசூல் ஆட்கள் போனில் “செட்டில்மென்ட் போட்டுக்கோங்க சார், எல்லாம் முடிஞ்சிடும்” என்பார்கள். அவர்களுக்கு முடிந்துவிடும், உங்கள் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று நிற்கும்.

கடனே வாங்காதவர்களுக்கு ஸ்கோர் இருக்காது. அது கெட்ட பெயர் அல்ல.

படி 3: மறந்துபோன கடன்களைத் தேடுங்கள்

பெரிய கண்ணி கல்விக் கடன். அப்பாதான் கையெழுத்துப் போட்டார் என்று நினைப்போம். ஆனால் அந்தக் கடன் மாணவர் பெயரிலும் இருக்கிறது. படிப்பு முடிந்து பொதுவாக ஓராண்டில் தவணை தொடங்கிவிடும். தேர்தலுக்குத் தேர்தல் தள்ளுபடிப் பேச்சு வரும், அதை நம்பி நிறுத்திவைத்தால் கட்டங்களில் 030, 060, 090 என்று ஏறிக்கொண்டே போகும். நண்பருக்குப் போட்ட ஜாமீன், மொபைல் வாங்கிய இஎம்ஐ, இப்போது வாங்கிப் பிறகு கட்டும் பை நவ் பே லேட்டர் செயலி எல்லாமே இங்கே வரலாம். மாலில் யாரோ தலையில் கட்டிய கிரெடிட் கார்டைப் பயன்படுத்தாவிட்டாலும் 500 ரூபாய் ஆண்டுக் கட்டணம், ஜிஎஸ்டியோடு 590 ரூபாய், பாக்கியாக நிற்கலாம். நீங்கள் வாங்கவே வாங்காத கடன் இருந்தால் உங்கள் பான் எண்ணை யாரோ பயன்படுத்தியிருக்கலாம். அதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

படி 4: சரிசெய்யுங்கள்

பாக்கி உண்மை என்றால் முழுதாகக் கட்டி என்ஓசி வாங்குங்கள். ‘செட்டில்டு’ என்று இருந்தால் விட்டுப்போன தொகையையும் கட்டி ‘குளோஸ்டு’ என்று மாற்றக் கேட்டு வங்கிக்கு எழுத்துமூலமாகக் கொடுங்கள். 2025 ஜனவரி முதல் வங்கிகள் குறைந்தது 15 நாளுக்கு ஒருமுறையாவது கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தகவல் அனுப்ப வேண்டும். அதற்கு அப்புறம் புது அறிக்கை எடுத்துப் பாருங்கள்.

தப்பான பதிவு என்றால் அந்தக் கடன் தகவல் நிறுவனத்தின் தளத்திலேயே திருத்தம் கேட்கலாம். 30 நாளில் முடிக்காவிட்டால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் உங்களுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. அதற்கும் மசியவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் ஆன்லைனில் புகார் செய்யலாம், கட்டணம் இல்லை.

காசு கொடுத்தால் பழைய பதிவை அழித்துத் தருகிறேன் என்று வரும் ஏஜென்டுகளை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். உண்மையான தாமதத்தை யாராலும் அழிக்க முடியாது.

படி 5: ஒரு கோப்பு

புது அறிக்கை, என்ஓசி, கடன் முடித்த கணக்கு விவரம், புகார் எண் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். சான்றிதழ் சரிபார்ப்பின்போது கடன் பற்றிக் கேட்டால் மறைக்காமல் எடுத்துக் கொடுங்கள். விண்ணப்பிக்கும் வங்கியின் விதி எஸ்பிஐயின் 2020 அறிவிப்பைப் போலக் கறாராக இருந்தால், என்ஓசி மட்டும் போதும் என்று நினைத்து இருக்கும் வேலையை விட்டுவிடாதீர்கள். நியமனம் உறுதியான பிறகு ராஜினாமா கடிதம் கொடுக்கலாம்.